ஒரு படி தவிடு

கடலூர் முதுநகர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகளில் காது குத்தாதவள் பொன்னி ஒருத்திதான். வசதியில்லாத வீடு என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அப்பா செந்தமிழ்செல்வன் கப்பலில் இன்ஜினியர், ஆண்டில் பாதி கடலில். அம்மா அறிவுமதி சிதம்பரத்தில் மூளை ஆராய்ச்சி செய்கிற டாக்டர், ஊசி போடாத டாக்டர். தங்கத்துக்குப் பஞ்சமில்லை, மடிக்குத்தான் பஞ்சம்.

காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும். பொன்னியின் தாய்மாமன் அன்பரசு, அறிவுமதியின் அண்ணன். ரயில்வேக்காரர், ஆறடி ஆள், மடிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவரால் தாய்மாமனாக உட்கார முடியாது. முறைப்படி பார்த்தால் அவர்தான் பொன்னிக்கு அப்பா.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், விஷயம் தவிட்டில் இருக்கிறது. அறிவுமதிக்கு முதலில் பிறந்த ஆண் குழந்தை ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கே வரவில்லை. அடுத்தது பெண்ணாகப் பிறந்ததும் அறிவுமதியின் அத்தை பட்டம்மாள் புவனகிரியிலிருந்து முறத்தோடு வந்து இறங்கினாள். தலைப்பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்க வேண்டும் என்பது அவள் சட்டம். குழந்தையை முறத்தில் கிடத்தி இன்னொருத்தியிடம் 'இனி இது உன் பிள்ளை' என்று கொடுத்துவிட வேண்டும். பிறகு அவளிடம் ஒரு படி தவிட்டைக் கொடுத்து விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எமன் சட்டை செய்யமாட்டான். யாரிடம் கொடுப்பது என்று பட்டம்மாள் யோசிக்கவே இல்லை, அன்பரசின் மனைவி ஜெயராணியிடம்தான். ஜெயராணி கிறிஸ்தவப் பெண், காதல் கல்யாணம். "எமன் வந்து தேடுனாலும் மாதா படம் மாட்டுன வூட்டுக்குள்ள எட்டிப் பாக்கமாட்டான்டி" என்றாள் பட்டம்மாள்.

ஜெயராணி சிலுவை போட்டுக்கொண்டு முறத்தை வாங்கினாள். அந்த நேரம் பார்த்துக் குழந்தையின் கண் மஞ்சளாக இருப்பதை யாரோ கவனித்தார்கள். ஆளாளுக்கு ஆட்டோ பிடிக்க ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழே கிடந்து குழந்தை பிழைத்து வந்தது. அந்தக் களேபரத்தில் தவிடு எல்லாருக்கும் மறந்துபோனது. கொடுத்த பிள்ளையை யாரும் திரும்ப வாங்கவில்லை.

வாங்காமல் போனது வெறும் சடங்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பொன்னி தவழ ஆரம்பித்த சமயத்தில் அறிவுமதிக்கு ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது. அவள் பல வருடம் ஏங்கிய இடம். புருஷன் கடலில். "போய்ட்டு வா அறிவு. மொறத்துல வாங்குன புள்ளைய நான் பாத்துக்கமாட்டேனா" என்று ஜெயராணிதான் பெட்டி கட்டிக் கொடுத்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் தூளி கட்டி, ஒரு கால் மெஷினை மிதிக்க, ஒரு கை தூளியை ஆட்ட, பொன்னி வளர்ந்தாள்.

ஜெர்மனியில் அறிவுமதி ஆராய்ந்தது என்ன தெரியுமா? தாயை விட்டுப் பிரிந்த எலிக்குட்டியின் மூளைக்கு என்ன ஆகிறது என்பதை. விதி சில சமயம் ஆளைப் பார்த்துத்தான் கிண்டல் செய்கிறது.

தன் வேலையைப் பற்றித் தமிழில் பேசக் கூப்பிட்டால் அவள் அண்ணியின் தையல் சாக்கட்டியைத்தான் சொல்வாள். துணி ஒன்றுதான், மேலே கோடு போட்ட மாதிரிதான் வெட்டும் தையலும் அமைகின்றன. மரபணுவும் அப்படியே. பிறந்தபோது வந்த துணி மாறுவதில்லை, அதன்மேல் நுண்ணிய அடையாளங்கள் விழுகின்றன. எந்த இடம் வேலை செய்ய வேண்டும், எது மூடிக் கிடக்க வேண்டும் என்று அந்த அடையாளங்கள் சொல்கின்றன. தாய் எலி நக்கி நக்கி வளர்த்த குட்டிக்கு, பயத்தைத் தணிக்கிற மரபணு நன்றாகத் திறந்துகொள்கிறது. நக்குவாரில்லாத குட்டிக்கு அது பெரும்பாலும் மூடிவிடுகிறது. அந்தக் குட்டி வளர்ந்தபிறகும் சின்னச் சத்தத்துக்கே மூலையில் போய் ஒடுங்கிக்கொள்ளும்.

இதைக் கண்ணால் பார்த்துவிட்டு மூன்று வருடம் கழித்து ஊர் திரும்பியவள் பொன்னியைத் தூக்கப் போனாள். குழந்தை வீரிட்டு ஜெயராணியின் முந்தானைக்குள் புகுந்துகொண்டது. அம்மா என்று அது கூப்பிட்டது ஜெயராணியை. ஜெயராணி பதறிப்போய், "அத்தைன்னு சொல்லு, அத்தைன்னு சொல்லு" என்று அன்றைக்கே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

சிதம்பரத்தில் வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸும் கிடைத்தது. குழந்தையை அழைத்துப் போயிருக்கலாம். ஆனால் வளர்த்தவளிடமிருந்து பிரித்தால் என்ன ஆகும் என்று இந்த அம்மாவுக்குத்தான் மற்ற எல்லாரையும்விட ஜாஸ்தி தெரியுமே! ஒரு தடவை பிரித்தாயிற்று, இன்னொரு தடவையா என்று பயந்தாள். பள்ளிக்கூடம் சேரட்டும் என்றாள், ரெண்டாவது முடிக்கட்டும் என்றாள். சனிக்கிழமைதோறும் ரயிலேறிக் கடலூர் வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்பினாள். வந்தால் அவளுக்கு நல்ல நாற்காலி, பீரோவிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத போர்வை, பூப்போட்ட கண்ணாடி டம்ளரில் காப்பி. விருந்தாளியை எப்படிக் கவனிக்க வேண்டுமோ அப்படிக் கவனித்தார்கள். அதுதான் அவளைக் கொன்றது.

வந்தவள் சும்மாவும் இருக்கமாட்டாள். குக்கர் விசிலடித்தால் பொன்னி திடுக்கிடுகிறாளா என்று பார்ப்பாள். கூட்ஸ் வண்டி ஜங்ஷனில் இடித்துக் கோக்கிற சத்தத்துக்குத் தூக்கத்தில் புரள்கிறாளா என்று பார்ப்பாள். பொன்னி வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். "ஏன் அறிவு, புள்ளைய எலியப் பாக்குற மாதிரியே பாக்குற?" என்று ஜெயராணி ஒருமுறை கேட்டேவிட்டாள். பிள்ளையைக் கெடுத்துவிட்டோமோ என்பது அறிவுமதிக்கு ஒரு பயம். பொன்னி நன்றாகத்தான் இருக்கிறாள் என்று தெளியத் தெளிய இன்னொரு பயம் வந்தது. அவள் மேல் விழுந்த கோடெல்லாம் ஜெயராணி போட்டது. பெற்றவள் ஒரு கோடாவது போட்டிருக்கிறாளா?

இந்த ஜூனில் பொன்னி ஐந்தாவது. இனித் தள்ளிப்போட முடியாது, சிதம்பரத்துக்குக் கூட்டி வந்துவிடுவது என்று அறிவுமதி முடிவு செய்தாள். பட்டம்மாள் உடனே நாள் குறித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை மீட்பது. மீட்டதும் அன்பரசு தாய்மாமனாகிவிடுவார், அவர் மடியிலேயே காது குத்தல். சாயங்கால ரயிலில் பொன்னி அம்மாவோடு கிளம்ப வேண்டியது. ஜெயராணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், அவளைப் பார்த்துப் பொன்னியும்.

இடம் பழகட்டும் என்று முதல் நாள் சனிக்கிழமை அறிவுமதி அவளைச் சிதம்பரத்துக்கு அழைத்து வந்தாள். குவார்ட்டர்ஸில் அவளுக்கென்று ஓர் அறையைத் தயார் செய்து வைத்திருந்தாள். புது மேஜை, மஞ்சள் திரைச்சீலை, சுவரில் சீரியல் லைட். பொன்னி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"நல்லாருக்கும்மா. இதுல யாரு இருக்காங்க?"

"நீதான் கண்ணு இருக்கப்போற."

"ஓ" என்றாள் பொன்னி. மேஜை மேல் தன் பையை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ரயிலுக்குக் கிளம்பும்போது போன் வந்தது. எலிகளைப் பார்த்துக்கொள்கிற கொளஞ்சியப்பன். "மேடம், பெரிய கூண்டுல ஒரு தாய் எலி செத்துக் கெடக்குது. குட்டிங்க நேத்துப் போட்டது." அறிவுமதி பொன்னியையும் கூட்டிக்கொண்டு ஓடினாள்.

கண் திறக்காத, முடி முளைக்காத, இளஞ்சிவப்புக் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்துகொண்டிருந்தன. பக்கத்துக் கூண்டில் இன்னொரு தாய் எலி தன் குட்டிகளோடு படுத்திருந்தது. அறிவுமதி கையுறை போட்டுக்கொண்டு அந்தத் தாயின் கூண்டிலிருந்து ஒரு கைப்பிடி உமியை அள்ளினாள். அனாதைக் குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த உமியில் மெதுவாகப் புரட்டினாள்.

"எதுக்கும்மா உமியில பொரட்றீங்க?"

"இது அந்தம்மா படுத்த உமி. அதுல பொரட்டுனா அவ வாசன இதுங்க மேல ஒட்டிக்கும். எலிக்கு வாசனதான் எல்லாம். தன் குட்டின்னு நெனச்சிச் சேத்துக்குவா."

"அது பொய்தானே?"

"மொதல்ல பொய்தான். நக்க ஆரம்பிச்சிட்டான்னா நெசமாயிடும்."

தாய் எலி புதுக் குட்டிகளை முகர்ந்தது. ஒன்றை வாயில் கவ்வி வயிற்றுக்கடியில் போட்டுக்கொண்டு நக்கத் தொடங்கியது. பொன்னி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தாள்.

"செத்துப்போன அம்மாவ இதுங்க மறந்துடுமா?"

"தெரியல கண்ணு" என்றாள் அறிவுமதி. நிஜமாகவே அவளுக்குத் தெரியாது.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. எலித் தீவனத்தில் கலக்கத் தவிடும், கூண்டில் பரப்ப உமியும் ஸ்டோர் ரூமில் ஒரே மாதிரிப் பைகளில் இருக்கும். சடங்குக்கென்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அறிவுமதி ஸ்டேஷனுக்கு ஓடினாள். பையைப் பிரித்துப் பார்க்க எங்கே நேரம்?

முதுநகர் வீட்டில் எல்லாம் தயார். காது குத்த வந்த சின்னையன் பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனில் செந்தமிழ்செல்வன் ஏதோ கடலிலிருந்து விட்டு விட்டுத் தெரிந்தார். நடுக்கூடத்தில் முறமும், அளக்கிற படியும். பிள்ளை இனி முறத்தில் அடங்காது என்பதால் பொன்னியை முறத்தின் பக்கத்தில் நிற்கவைத்து, கை மட்டும் முறத்தைத் தொட்டிருக்கட்டும் என்று பட்டம்மாள் சட்டத்தைத் தளர்த்தினாள். ஒரு பக்கம் ஜெயராணி, நல்ல புடவையில், கண் வீங்கி. எதிர்ப் பக்கம் அறிவுமதி.

"தவிட்டக் கொட்டுடி" என்றாள் பட்டம்மாள்.

அறிவுமதி பையைப் பிரித்துப் படியில் கொட்டினாள். பொரபொரவென்று மஞ்சளாக விழுந்தது.

"ஏண்டி, இது உமிடி!" பட்டம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நெல்லு வெளையிற ஊர்ல பொறந்துட்டு உமி எது தவிடு எதுன்னு தெரியலியா? இதைக் குடுத்து புள்ளைய வாங்குவியா? மாடு கூடத் திங்காது!" செல்போனில் செந்தமிழ்செல்வன் சிரித்தார். பத்தரும் சிரித்தார்.

அறிவுமதி மட்டும் ஜெயராணியின் முகத்தைப் பார்த்தாள். தவிடு இல்லை என்று தெரிந்த அந்தக் கணத்தில் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. உடனே தலையைக் குனிந்துகொண்டாள் ஜெயராணி. ஆனால் அறிவுமதி பார்த்துவிட்டாள். பொன்னியின் ஒரு கை முறத்தில் இருந்தது, இன்னொரு கை அத்தையின் புடவையை இறுக்கிப் பிடித்திருந்தது. அதையும் பார்த்தாள். இத்தனை வருடம் ஆராய்ந்ததெல்லாம் ஒரே வரியில் அவளுக்கு எதிரே நின்றது. யார் பெற்றது என்பதில் ஒன்றுமில்லை, யார் நக்கி வளர்த்தது என்பதுதான்.

"விடுங்க அண்ணி" என்றாள். "அவ உங்க புள்ளையாவே இருக்கட்டும். நான் எப்பவும்போல வந்து பாத்துட்டுப் போறேன்."

ஜெயராணி நிமிர்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை.

"என்னா பேச்சு பேசுற நீ? உமியக் கொண்டாந்துட்டு, கூடவே இந்தப் பேச்சா?"

விறுவிறுவென்று உள்ளே போனாள். தையல் துணி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்துவந்து அறிவுமதியின் கையில் வைத்தாள். உள்ளே தவிடு. நேற்று அரைத்த, வாசம் போகாத தவிடு.

"நீ மறந்துருவேன்னு தெரியும். அதான் மில்லுல வாங்கி வச்சேன்." மூச்சு வாங்கினாள். "இந்த வருசம் மட்டும் இல்ல. அவ பொறந்தநாளுக்குப் பொறந்தநாள் வாங்கி வச்சேன். நீ கேட்டா எடுத்து நீட்டலாம்னு. நீ கேக்கல. நானும் வாயத் தொறக்கல, அல்பம் மாதிரி. ரெண்டு நாள் பாத்துட்டு மாட்டுக்காரிகிட்ட குடுத்துருவேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். இப்பக் கொட்டு."

கொட்டச் சொன்னவள் முறத்தைத் தானே ஏந்திக்கொண்டாள். தன் பிள்ளையை விட்டுக்கொடுக்கத் தானே விலையும் வாங்கி வைத்திருந்தவளுக்கு முன்னால் அறிவுமதி அழுதுகொண்டே தவிட்டைக் கொட்டினாள். "புள்ள உன்னுது" என்று ஜெயராணி சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளும் அழுதுவிட்டாள். பட்டம்மாள் சத்தமாக மூக்கைச் சிந்தி, "நல்ல நேரம் போவுது" என்று எல்லாரையும் அதட்டினாள்.

அன்பரசு ஒருவழியாகத் தாய்மாமனானார். மடியில் பொன்னியை உட்காரவைத்துக்கொண்டார். முதல் காதில் ஊசி இறங்கியபோது பொன்னி பல்லைக் கடித்துக்கொண்டாள். "அம்மாடி!" என்று கத்தியது அன்பரசுதான்.

சாப்பாடு முடிந்தது, பட்டம்மாள் புவனகிரி பஸ்ஸுக்குப் போனாள். பொன்னியின் துணிமணி ஒரு பெட்டியில் அடங்கியிருந்தது. அறிவுமதி கடிகாரத்தைப் பார்த்தாள், யாரும் எழுந்திருக்கவில்லை. பொன்னி தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, ஓரமாகக் கிடந்த உமிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை இழுத்து, ஒரு கை உமியை அள்ளிக்கொண்டு ஜெயராணியிடம் போனாள்.

"அத்த, கையக் காட்டு." ஜெயராணியின் உள்ளங்கையிலும் முழங்கையிலும் உமியைத் தேய்த்தாள். பிறகு அதே உமியைத் தன் கழுத்திலும் கையிலும் தேய்த்துக்கொண்டாள். தூங்கிக்கொண்டிருந்த அன்பரசின் வயிற்றையும் விடவில்லை. சிந்தியதைக் கூட்டி அள்ளிக்கொண்டு அறிவுமதி முன்னால் வந்து நின்றாள்.

"அசையாம இருங்க."

அம்மாவின் கன்னத்தில், கழுத்தில், கைகளில் மெதுவாகத் தேய்த்தாள். காலையில் குட்டிகளை அம்மா எப்படிப் புரட்டினாளோ அதே பொறுமை, அதே பதம். உதட்டைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்கிற அந்த வழக்கம்கூட அறிவுமதியுடையதுதான். அதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"என்னாடி பண்ற?" என்றாள் ஜெயராணி.

"அம்மாவ நம்ம கூண்டுல உடுறேன்" என்றாள் பொன்னி. "இப்ப எல்லாம் ஒரே வாசன. நீ சேத்துக்க அத்த."

அறிவுமதி தன் கையில் ஒட்டிய உமியைப் பார்த்தாள். எத்தனை கூண்டுகள், எத்தனை குட்டிகள்! குட்டியை இங்கிருந்து எடுத்து அங்கே விடுவதுதான் எப்போதும் வழக்கம். பொன்னியையும் அப்படித்தான் எடுத்துப் போவதா, விட்டுவைப்பதா என்று வருடக்கணக்காகத் தவித்தாள். தாயைக் கொண்டுவந்து கூண்டில் விடலாம் என்று அந்தப் படித்த மூளைக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஒரு மணி நேர ரயில்தானே! ஊரில் பாதிப்பேர் அதில்தான் வேலைக்குப் போய்வருகிறார்கள்.

"அண்ணி" என்றாள் தயங்கி. "நான் இங்கயே இருந்துகிட்டு, காலைல போய்ட்டு சாயந்தரம் வரட்டுமா?"

ஜெயராணி எழுந்து, பொன்னியின் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டாள். அப்புறம் ஒரு முறத்தில் வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டு வந்து அறிவுமதியின் மடியில் வைத்தாள்.

"உரி. ராவுக்குச் சாம்பாரு" என்றாள். "பொன்னி, உங்கம்மாவுக்குக் காப்பி எடுத்தா. அந்தக் கண்ணாடி டம்ளர் வாணாம், சில்வர்லயே எடுத்தா."

மறுநாள் காலை ரயிலில் சிதம்பரம் போகிற வழியெல்லாம் அறிவுமதிக்குக் கழுத்தில் அரித்தது. குளித்தும் போகவில்லை. ரவிக்கைக்குள், காதோரத்தில், எங்கெங்கோ உமி. எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் பார்த்துவிட்டு, "தட்டி உடும்மா" என்றாள்.

"இருக்கட்டும்" என்றாள் அறிவுமதி.